சோடியம் வெளிச்சத்தில் ஒரு சிவப்பு ரிப்பன்

விடுமுறைக்கு அவிநாசி வந்து இறங்கினால் போதும், பெட்டியை உள்ளே வைப்பதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள். "அந்த மாதிரிப் பள்ளியில போயி ரெண்டு வருசம் இருந்தியே அம்மிணி, ஐஐடி கெடச்சுதா?" இல்லீங்க என்றதும் நாக்கைத் தட்டி ஒரு 'ச்சொ' வரும். அந்த 'ச்சொ'வுக்குப் பதிலாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அளவோடு பாராட்ட எனக்கு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் விடுதித் தோழிகளே காதைப் பொத்திக்கொள்வார்கள். என்ன செய்வது, அப்படி இருந்தது!

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். அப்பா நிட்டிங்கில் இரவு ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சந்தை, திங்கட்கிழமை மறுபடி கம்பெனி வேன். பத்தாவது வரை ஊரிலேயே அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்தேன். எனக்கு அறிவியல் பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. மதிப்பெண் வரும், அவ்வளவுதான்.

அரசு மாதிரிப் பள்ளிகள் 2021-22இல் பத்து மாவட்டங்களில் தொடங்கியவை. 2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலினும் டெல்லியிலிருந்து வந்த கெஜ்ரிவாலும் சென்னையில் இன்னும் 15 பள்ளிகளைத் தொடங்கி வைத்தார்கள். அதன் பிறகு 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஓர் இடத்தில் தங்கவைத்து, அறிவியலும் கணக்கும் ஊட்டி, பெரிய கல்லூரிகளின் வாசல் வரை கொண்டுபோய் விடுவது. சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான் திட்டம். எங்கள் மாவட்டத்துப் பள்ளியில் நான் சேர்ந்தது 2023 ஜூன். "பொட்டப்புள்ளைய எதுக்குங்க ஆஸ்டல்ல கொண்டுபோயி விடோணும்?" என்று சொந்தத்தில் நாலு பேர் கேட்டார்கள். அம்மா பதிலே சொல்லாமல் புது வாளி ஒன்று வாங்கி, அதன் மேல் என் பெயரைப் பெயிண்டால் எழுதினார். முடிந்தது விவாதம்.

முதல் வாரம் என்னைத் திக்குமுக்காட வைத்தது பாடமில்லை, கூட இருந்தவர்கள்! ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை உலகமா? ஊத்துக்குளிக்காரி வீட்டில் வெண்ணெய் கடைவார்கள். பல்லடத்துக்காரி வீட்டில் கோழிப்பண்ணை. உடுமலைக்காரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் காற்றாலை தெரியுமாம். காங்கயத்துக்காரியின் அப்பாவுக்கு எண்ணெய்ச் செக்கில் வேலை. பெயரெல்லாம் பதிவேட்டில்தான், எங்களுக்குள் ஊர்தான் பெயர். நான் 'அவிநாசி'. இரவு பத்து மணிக்கு விளக்கணைத்த பிறகு, "அவிநாசி, தூங்கிட்டியா? கப்பி கணக்குல இழுவிசை ரெண்டு பக்கமும் ஒண்ணா வேறயா?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வரும். அதற்குப் பதில் இன்னொரு கட்டிலிலிருந்து வரும். அதை மறுத்து மூன்றாவது கட்டில் எழுந்து உட்காரும். காவலுக்கு இருக்கும் அக்கா வந்து கதவைத் தட்டினால்தான் கப்பி நிற்கும்.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடமே அளவீடுதான். சார் வந்த முதல் நாள், "வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏதாவது ஒரு பொருளை அளந்து எழுதிட்டு வாங்க" என்றார். சிலர் டப்பா, சிலர் சீப்பு. என் பைக்குள் வட்டமாக வெட்டிய பனியன் துணி ஒன்று கிடந்தது. எங்கள் வீட்டில் அது ஏராளம் உண்டு. கம்பெனியில் ஜிஎஸ்எம் பார்க்க ஒரு கட்டர் வைத்து அழுத்தித் திருகினால் துணி வட்டமாக அறுந்து வரும். எடை போட்டுவிட்டு வேஸ்ட்டில் போட்டுவிடுவார்கள். அம்மா அதை அள்ளி வருவார். சின்ன வயதில் அதுதான் எனக்குத் தட்டு, தோசை, நிலா எல்லாம். அதை அளந்தேன். குறுக்களவு 11.3 சென்டிமீட்டர் வந்தது.

இதென்ன கணக்கு? பத்து என்றால் சரி, பன்னிரண்டு என்றால் சரி. 11.3 என்று எவன் கத்தி செய்வான்? இதைக் கேட்கலாமா வேண்டாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். அதுவரை நான் பார்த்த வகுப்புகளில் சந்தேகம் கேட்டால் பின் பெஞ்சிலிருந்து சிரிப்பு வரும். கேட்டுவிட்டேன். சார் அந்தத் துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியலம்மா. நாளைக்குள்ள நானும் கண்டுபிடிக்கிறேன், நீயும் கண்டுபிடி. யார் முதல்லன்னு பாத்துருவோம்."

ஒரு வாத்தியார், கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, தெரியாது என்கிறார்! நான் அப்படியே உறைந்துவிட்டேன். பதினைந்து வயது வரை எனக்குப் பாடம் எடுத்தவர்கள் எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்களாக மட்டுமே இருந்தார்கள்.

அன்று இரவு சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே காங்கயத்துக்காரி கணக்குப் போட்டாள். குறுக்களவைத் துல்லியமாக 11.28 என்று வைத்துக்கொள். ஆரம் 5.64. அதன் வர்க்கம் ஏறக்குறைய 31.8. பையால் பெருக்கினால்? "நூறு!" என்று கத்தினாள். சாம்பார் ஊற்றிய அக்கா, "நூறு இட்லியெல்லாம் கெடையாது கண்ணு" என்றார். நூறு சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். அப்படியானால் இந்த வட்டம் சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு! வட்டத்தின் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அதாவது ஜிஎஸ்எம். துணி 1.8 கிராம் இருந்தால் 180 ஜிஎஸ்எம். தராசுக்காரர் பெருக்கவே வேண்டாம், புள்ளியை இரண்டு இடம் தள்ளி வைத்தால் போதும். அந்த வசதிக்காகத்தான் கத்தியின் அளவு அப்படி அரைகுறையாக இருக்கிறது. நான் பொம்மைத் தோசை சுட்ட துணிக்குள் பை இவ்வளவு காலமும் ஒளிந்திருந்திருக்கிறது. சாப்பிட்டேனா இல்லையா என்றுகூட அன்றைக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை சாரும் விடையோடுதான் வந்தார். "நான் ராத்திரி பதினோரு மணிக்குக் கண்டுபிடிச்சேன். நீங்க?" "ஏழரைக்குங்க சார், சாப்பாட்டு வரிசையில." அவர் அந்த வட்டத் துணியை வகுப்பறைச் சுவரில் ஊசி குத்தி மாட்டினார். நாங்கள் பள்ளியை விட்டு வரும்போதும் அது அங்கேதான் இருந்தது, கொஞ்சம் பழுப்பேறி.

முதல் மாதத் தேர்வில் இயற்பியலில் நான் வாங்கியது 100க்கு 23. பொய் சொல்லவில்லை. கேள்விகள் மனப்பாடத்தைத் தாண்டி வந்தன, அதுவும் பாதி ஆங்கிலத்தில். உராய்வு தெரியும், அதைத்தான் இங்கே வேறு பெயரில் கேட்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் அந்த ஆங்கிலச் சண்டையில்தான் தமிழ்ச் சொற்கள் மேல் எனக்குக் காதலே வந்தது என்றால் நம்புவீர்களா? முடுக்கம், உந்தம், நிலைமம், பாகுநிலை. ஒவ்வொன்றையும் இரண்டு மொழியிலும் எழுதி நோட்டின் நடுவில் கோடு போட்டுக்கொள்வேன். 'உந்தம்' என்றால் உந்துவது கையில் தெரிகிறது. 'நிலைமம்' என்றால் நிலைத்து நிற்க அடம்பிடிப்பது கண்ணில் தெரிகிறது. ஐஐடிக்கான முதல் படியான ஜேஇஇ மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அடுத்த படியான அட்வான்ஸ்டு மட்டும் இன்னும் ஆங்கிலமும் இந்தியும்தான். அதனால் இரண்டு காலிலும் நிற்கப் பழகினோம். இதில் எனக்கொரு கட்சி உண்டு: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவளுக்கு ஒரே பாடம் இரண்டு முறை புரிகிறது. மற்றவர்களுக்கு ஒரு முறைதான்!

நிலைமம், உராய்வு என்றதும் எங்கள் ஊர்த் தேர்தான். சித்திரையில் அவிநாசித் தேரை இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். கிளப்புவதற்குத்தான் அத்தனை கூச்சலும், பின்னாலிருந்து நெம்புவதும். நகர்ந்துவிட்டால் வடம் லேசாகிவிடும். நின்றிருக்கும் பொருளின் பெரும உராய்வு ஓடும் பொருளின் உராய்வைவிட அதிகம் என்று புத்தகம் ஒரு வரைபடம் போட்டுக் காட்டுகிறது. நான் அதில் முட்டுக்கட்டை போடுகிற ஆளையும் சேர்த்து வரைந்து கொடுத்தேன். சார் சிவப்பு மையில் 'தேர் நல்லா இருக்கு, அலகு எங்கே?' என்று எழுதியிருந்தார்.

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. சந்திரயான்-3 இறங்கும் நாள். சாயங்காலம் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பெரிய திரையில் போட்டார்கள். ஐந்தே முக்காலை நெருங்கும்போது லேண்டர் நிலவுக்கு 30 கிலோமீட்டர் மேலே, விநாடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில். மணிக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்! அதைப் பத்தொன்பது நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும். சார் ஓரமாக ஒரு பலகையை இழுத்து வைத்து, "டிவி அது பாட்டுக்கு ஓடட்டும். சராசரி எதிர்முடுக்கம் சொல்லுங்க" என்றார். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சட்டென்று பேனாவை எடுத்தோம். 1680ஐ 1140 விநாடியால் வகுத்தால் 1.47. பக்கத்தில் அவர் நிலவின் ஈர்ப்பு முடுக்கத்தை எழுதினார்: 1.62. "பாத்தீங்களா, கிட்டத்தட்ட நிலா இழுக்கிற அளவுக்கே பிரேக்கும் போடுறாங்க. சினிமா மாதிரி திடீர்னு நிக்காது. பதமா, சாமி இறக்குற மாதிரி." ஆறு மணி நான்கு நிமிடத்துக்குக் கால் ஊன்றியதும் கூடம் கிழிந்தது! பல்லடத்துக்காரி அழுதே விட்டாள். ஏன் அழுகிறாய் என்றால், "தெரியலடி, 1.47 சரியா வந்திருச்சில்ல" என்றாள்.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக் முடித்து மேலே போனவர். 2008இல் முதல் சந்திரயானை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி, அரசுப் பள்ளி, தமிழ்வழி. இந்தப் பெயர்களை மேடையில் கேட்டால் கொட்டாவி வரும். கையில் 1.47ஐ எழுதி வைத்துக்கொண்டு கேட்டால், பக்கத்து வீட்டு அண்ணன்கள் மாதிரி தெரிகிறார்கள்.

வேதியியலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டின் துக்கமே அந்தப் பாடத்தில்தான் இருந்தது. அப்பா முன்பு சாயப்பட்டறையில் இருந்தவர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடியபோது எனக்கு மூன்று வயது. மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்து, பிறகுதான் நிட்டிங்குக்குப் போனார். வீட்டில் அந்தப் பேச்சு வந்தால், "உப்பு போடாம சாயம் புடிக்காது. உப்ப ஆத்துல விடக் கூடாதுன்னா எங்க விடறது?" என்று அத்தோடு நிறுத்திக்கொள்வார். உப்பு எதற்கு என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வேதியியல் மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் ஒரு வகுப்பு முழுவதையும் அதற்கே கொடுத்தார். பஞ்சு தண்ணீரில் நனைந்தால் அதன் மேல் லேசான எதிர்மின்னூட்டம் இருக்கும். ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறும் தண்ணீரில் எதிர்மின்னூட்டத்தோடுதான் கரைந்து நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து சண்டையைத் தணிக்கும், சாயம் நூலை நெருங்கும். ஆனால் நெருங்கினால் மட்டும் போதாது, ஒட்ட வேண்டும். அதற்குத்தான் சோடா. காரம் ஏறியதும் செல்லுலோஸ் தயாராகி, சாயத்தோடு சகப்பிணைப்பு போட்டுக்கொள்ளும். அதனால்தான் நல்ல பனியன் துவைத்தாலும் வெளுப்பதில்லை. வேலையை முடித்த உப்பு? அது துணியில் ஒட்டாது. அப்படியே முழுசாகத் தண்ணீரில் நிற்கும். சமாதானம் பேச வந்த ஆள் வீட்டுக்குப் போக வழியில்லாமல் நொய்யல் ஆற்றில் நின்ற கதை அது. அந்த ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரைத் தேக்கிவைத்த கதையும் அதே வகுப்பில் வந்தது. இப்போது கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவலில் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பையும் தண்ணீரையும் திரும்ப எடுத்துத்தான் பட்டறைகள் ஓடுகின்றன. ஒரு சொட்டு வெளியே விடக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். நீளமாக ஒன்றும் பேசவில்லை. "அப்ப உப்பு சும்மா தொணைக்கு வந்ததா சாமி?" என்றார். ஆமாங்கப்பா என்றேன். "நான் மூட்டை மூட்டையாக் கொட்டியிருக்கேன்" என்றார். பிறகு வழக்கம் போல, சாப்பிட்டாயா.

வெண்ணெய்க் கதையை விட்டால் ஊத்துக்குளிக்காரி என்னைக் கொன்றுவிடுவாள். கூழ்மம் பாடத்தில், பால் என்பது நீரில் மிதக்கும் கொழுப்பு, வெண்ணெய் என்பது கொழுப்பில் மாட்டிக்கொண்ட நீர் என்று மிஸ் சொல்லி முடிப்பதற்குள் இவள் எழுந்து, "அந்தத் திரும்புற நேரம் சத்தத்துலயே தெரியுங்க மிஸ். மத்து கனமாயிரும், சலசலப்பு நின்னு பொதபொதன்னு வரும்" என்றாள். மிஸ் அவளை முன்னால் அழைத்துப் பாதி வகுப்பை எடுக்க வைத்தார். அன்று முதல் அவள் நடையே மாறிவிட்டது.

2024 ஆகஸ்ட் 17இல் அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வெறும் திட்டமில்லை. தாத்தா காலத்திலிருந்து அறுபது வருடத்துக்கு மேல் கேட்டு, ஊர்வலம் போய், உண்ணாவிரதம் இருந்து கிடைத்த தண்ணீர். பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்களால் மேலே தள்ளி 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது. விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள், 1.5 டிஎம்சி என்று செய்தி சொன்னது. சிறுவயது முதல் டிஎம்சி என்ற சொல்லைக் கேட்கிறேன், ஒரு நாளும் அது என்னவென்று யோசித்ததில்லை. ஆயிரம் மில்லியன் கன அடி, அவ்வளவுதானே! ஒரு நாளைக்கு 86,400 விநாடி. 250ஆல் பெருக்கி, 70ஆல் பெருக்கினேன். 151 கோடியே 20 லட்சம் கன அடி. 1.5 டிஎம்சி, கச்சிதம்! செய்தித்தாள் சொன்னதை நானே சரிபார்த்துவிட்டேன் என்ற திமிர் இருக்கிறதே, அதற்கு விலையே கிடையாது.

திமிர் அத்தோடு நின்றதா? 250 கன அடி என்றால் விநாடிக்கு ஏழு டன் தண்ணீர். அதை ஒரே ஒரு மீட்டர் தூக்க எவ்வளவு திறன்? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 70 கிலோவாட். எங்கள் தோட்டத்துக் கிணறுகளில் ஓடும் 5 எச்பி மோட்டார் என்றால் பதினெட்டுக்கு மேல் வேண்டும். ஒரு மீட்டருக்கு! குழாய் உராய்வு, மோட்டாரின் இழப்பு எதையும் சேர்க்காமல். இதை விடுமுறையில் தாத்தாவிடம் சொன்னபோது, வெற்றிலையை மென்றபடியே, "அதுனாலதான் அறுபது வருசமாச்சு" என்றார்.

எங்கள் நாள் எப்படிப் போகும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. விடியுமுன் எழுப்புவார்கள், வகுப்பு, ஆய்வகம், விளையாட்டு, மறுபடி படிப்பு, ஞாயிறு மாதிரித் தேர்வு. எல்லா விடுதியும் அப்படித்தான். வித்தியாசம் இதுதான்: மதிப்பெண் நோட்டு ஒன்று இருந்த மாதிரி, சந்தேக நோட்டு என்று ஒன்று எல்லோரிடமும் இருந்தது. தினம் ஒரு சந்தேகமாவது எழுத வேண்டும். எழுதாமல் வந்தால், "இன்னைக்கு எதையுமே நீ சரியா கவனிக்கலையா?" என்பார் சார். எனக்கு இரண்டு வருடத்தில் ஏழு நோட்டு தீர்ந்தது. ஏழையும் வைத்திருக்கிறேன். பாதிக்கு இன்னும் விடை எழுதவில்லை.

ஐஐடிக்குப் போனவர்கள் போனார்கள், மனசார மகிழ்ச்சி. எனக்கு மெயினில் சுமாரான மதிப்பெண். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் சென்னையில் ஏ.சி. டெக் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் கிடைத்தது. கட்டணம் அரசே கட்டுகிறது. கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் பக்கம் போகச் சொல்லி எத்தனை போன்! நான் பட்டியலில் முதலில் போட்டதே ஜவுளிதான். வட்டத் துணியைப் பார்த்து நூறு என்று கத்திய பிறகு வேறெங்கே போவது?

கடைசியாக இருட்டறை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் இழுத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு செய்முறையில் நிறமாலைமானி உண்டு. அதற்குச் சோடியம் விளக்கு வேண்டும். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிய அறை. முதல் நாள் சார் விளக்கைப் போட்டதும் அது மஞ்சளாக எரியவில்லை, இளஞ்சிவப்பாகத்தான் விழித்தது. உள்ளே இருக்கும் நியான் முதலில் எரியும், சூடேறிச் சோடியம் ஆவியானால்தான் மஞ்சள் வரும் என்றார். நாங்கள் காத்திருந்தோம். சிவப்பு மெல்ல ஆரஞ்சாகி, அறை முழுக்க மஞ்சள் ஏறியது. எனக்கு முன்னால் உடுமலைக்காரி நின்றிருந்தாள். அவள் பின்னலில் சிவப்பு ரிப்பன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்தச் சிவப்பு பழுப்பாகி, மங்கி, கறுப்பாகிவிட்டது! ரிப்பனைத் தொட்டுப் பார்த்தேன். "என்னடீ?" என்று திரும்பினாள். அவள் உதடும் கறுப்பு. என் கையில் இருந்த நீலப் பேனா கறுப்பு, பச்சை வளையல் கறுப்பு. எல்லோர் முகமும் பழைய படத்தில் வருகிற முகம் மாதிரி. உலகத்தில் மஞ்சளையும் கறுப்பையும் தவிர ஒன்றுமே மிச்சமில்லை.

யாரும் பேசவில்லை. சார் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "ரிப்பன்ல செவப்பு இல்ல. வெளிச்சத்துல இருக்கு. ரிப்பன் அதத் திருப்பி அனுப்புது, அவ்வளவுதான். வெளிச்சத்துல செவப்பே இல்லைன்னா அது எத அனுப்பும்?" சோடியம் மஞ்சளின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம். அந்த எண்ணை அதற்கு முன் நூறு தடவை எழுதியிருப்பேன். அன்றைக்குத்தான் அதன் நிறத்தைப் பார்த்தேன்.

போனில் அம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "இதென்ன அதிசயம்? கம்பெனியில லைட் பாக்ஸ் எதுக்கு வெச்சிருக்காங்க? பகல் லைட்டுல ஒட்டிப்போற ஷேடு கடை லைட்டுல காட்டிக் கொடுத்துரும். ரெண்டுலயும் பாத்துத்தான் பாஸ் பண்ணுவோம்." பத்து வருடமாக என் அம்மா தினமும் நிறமாலை ஆய்வு செய்துகொண்டிருந்திருக்கிறார், நான் இப்போதுதான் இருட்டறைக்குள் நுழைகிறேன்!

பெற்றோர் வந்து பார்க்கும் நாளில், சாரிடம் கேட்டு அம்மாவை அந்த அறைக்குக் கூட்டிப்போனேன். அம்மா விசேஷத்துக்குக் கட்டுகிற மாம்பழ மஞ்சள் சேலையில் வந்திருந்தார், அரக்குச் சிவப்பு பார்டர். விளக்கைப் போட்டோம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பிறகு முழு மஞ்சள். சேலை அப்படியே நின்று ஜொலித்தது. பார்டர் மட்டும் கருகியது போல ஆகிவிட்டது. அம்மா முந்தானையை எடுத்து, கம்பெனியில் பீஸைப் பிடிப்பது போலவே இரண்டு கையாலும் விரித்து, விளக்குக்கு நேராக ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். கட்டை விரலால் பார்டரைத் தேய்த்துப் பார்த்தார். சார், நான், உடுமலைக்காரி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஷேடு மாறுது சார்," என்றார் அம்மா. "இந்தப் பீஸ ரிஜெக்ட்ல போடுங்க."